ஒரு தேசத்துக்கே மாமியார்

என் மாமியார் ஓய்வு பெறும்வரை மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். முப்பத்தோரு வருடம். கரண்ட் போனவர்கள், போன கரண்ட் வேகமாகத் திரும்பி வந்து மிக்ஸி புகைந்தவர்கள், பக்கத்து வீட்டில் எரியும்போது தன் வீட்டில் மட்டும் ஏன் எரியவில்லை என்று அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர்கள், எல்லோரும் அந்த ஜன்னலுக்குள் தலையை விட்டு அவரைப் பார்த்துத்தான் கத்துவார்கள். "எழுதிக்கிட்டேன் சார், ஆள் வருவாங்க" என்பார் அத்தை. ஒரு நாள்கூட அவர் குரல் உயர்ந்ததில்லை. இப்படிப்பட்ட ஒரு சாதுவைப் பார்த்து ஒரு நாடே நடுங்கியது. நான் கூடவே இருந்து பார்த்தேன்.

அது நாங்கள் மூன்று பேராகப் போயிருக்க வேண்டிய சுற்றுலா. கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, லீவு கிடைக்கவில்லை என்றார் என் வீட்டுக்காரர். லீவு கிடைக்காததெல்லாம் சும்மா. அவர் கேட்டிருக்கவே மாட்டார். விஷயம் வேறு. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு பார்த்து, சாவியையும் வாங்கி வைத்திருந்தோம். ஊர் திரும்பிய மறுவாரம் சாமான் ஏற்ற வண்டி சொல்லியாயிற்று. வண்டிக்காரருக்குத் தெரியும், வீட்டு புரோக்கருக்குத் தெரியும், எதிர்க்கடை டெய்லருக்குக்கூடத் தெரியும். அத்தைக்கு மட்டும் தெரியாது. பெற்ற அம்மாவிடம் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இல்லை. வெளிநாட்டில் நல்ல காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போது, அம்மா சந்தோஷமாக இருக்கும் நேரமாகப் பார்த்து நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று என் தலையில் கட்டிவிட்டார். ஏழு நாள் இருக்கிறதே, ஒரு நாளாவது வாய்க்காதா என்று எனக்கு ஆறுதல் வேறு.

நீங்கள் இப்போது என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். நினைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதுதான் என் குறை. காலையில் எழுந்தால் காபி தயாராக இருக்கும். துணியை மடிக்கப் போனால் மடித்திருக்கும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இன்றைக்கு என்ன சமையல் என்று நான் முடிவு செய்த நாள் ஒன்றுகூட இல்லை. எனக்கு மாத்திரை விழுங்க வராது என்பதால் இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கி, என் காபியில் கலக்கித் தருவதும் அவர்தான். எனக்கு வயது முப்பத்தாறு. ஒரே ஒரு நாள் பாலை நானே பொங்கவிட்டு, நானே அடுப்பைத் துடைத்து, என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இதை ஒரு காரணம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கொடுமைக்கார மாமியாராக இருந்திருந்தால் முதல் வருடமே சண்டை போட்டுக் கிளம்பியிருப்பேன்.

விமானம் இறங்கியதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். உடன் வருபவர் என்ன உறவு என்று அதில் கேட்டிருந்தது. எழுதிக் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதைப் படித்தார். அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அத்தையைப் பார்த்துவிட்டு எழுந்து போய் இன்னொரு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் பெட்டியை யாரும் தொடவில்லை. அத்தையின் பெட்டியைக் கவிழ்த்தே விட்டார்கள். உள்ளே இருந்த தலைவலித் தைலத்தை மூன்று பேர் மாற்றி மாற்றி முகர்ந்தார்கள். அதை அத்தையின் நெற்றியிலேயே தடவச் சொல்லி, இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் டப்பா திரும்பி வந்தது. முதல் அதிகாரி என் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்து, கண்ணைத் துடைக்கும் காகிதம் ஒன்றைக் கொடுத்தார். நான் அழவே இல்லை.

வேலை அலுப்பில் இருக்கிறார்கள் பாவம் என்றார் அத்தை. கத்துகிறவர்கள், சோதனை போடுகிறவர்கள் எல்லோருமே அவருக்குப் பாவம்தான்.

வெளியே எங்கள் வழிகாட்டி ஒரு பச்சைக் குடையை மடித்து உயரத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பல நாட்டுக்காரர்கள் கலந்த பத்துப் பேர் குழு அது. எங்கள் நாட்டிலிருந்து நாங்கள் இருவர்தான். குடைக்காரர் எங்களைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, எங்கள் மொழியிலேயே வரவேற்றார்.

"வாங்க. இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க உங்களுக்கு என்ன தைரியம்?"

சொல்லிவிட்டு மிகுந்த மரியாதையோடு பெட்டிகளை வாங்கிக்கொண்டார். வாயில் ஈ போவது தெரியாமல் நின்றோம். பஸ் புறப்படும் நேரம் வந்ததும், இனிமேல் ஒரு நிமிடம்கூட இங்கே இருக்கமாட்டேன் என்று அறிவித்தார். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது, உங்களுக்குச் சோறு போடுவதே தண்டம் என்று சிரித்துக்கொண்டே தட்டுகளை நீட்டினார். அத்தை அந்தத் தட்டை வாங்கி, நல்ல பிள்ளை என்றார்.

எங்களைத் தங்க வைத்தது எட்டே அறைகள் உள்ள ஒரு சின்ன விடுதி. அதை நடத்தியவர் உயரமான, பெரிய கைகள் கொண்ட ஓர் அம்மா. மறுநாள் காலை கீழே சாப்பாட்டு அறையில் ரொட்டி, முட்டை, காபி. பஸ் பயணத்தில் எனக்குக் குமட்டும் என்பதால் அத்தை வழக்கம்போல என் மாத்திரையை எடுத்தார். இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். யார் மேலும் இடிக்காமல் இருக்க அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். பொடியை என் காபியில் போட்டுக் கலக்கினார். "சூடு ஆறறதுக்குள்ள குடிச்சிடும்மா" என்று அன்பாக என் பக்கம் நகர்த்தினார்.

விடுதிக்காரம்மா அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. உதட்டுக்குப் போன கோப்பை என் கையில் இல்லை. அதை அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து என்னை மார்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு முட்டியது. அணைப்புக்குள் இருந்தபடியே பார்த்தேன். அறையில் இருந்த மற்றவர்கள் தங்கள் கோப்பைகளை அத்தைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. வழியில் போன பஸ்கள் நின்றன. எதிர்க் கடைக்காரர் விலையைப் பாதி சொல்லும்போதே வாடிக்கையாளரை விட்டுவிட்டு உள்ளே போனார். விடுதியின் டிவிக்கு முன்னால் தெருவே கூடியிருந்தது. ஓடியது எங்கள் நாட்டு சீரியல். எங்கள் ஊரில் அது முடிந்து பத்து வருடம் ஆகியிருக்கும். அங்கே அன்றைக்குத்தான் ஆயிரத்து நானூறாவது நாள். பேச்சு எங்கள் மொழியிலேயே வர, கீழே அவர்கள் எழுத்து ஓடியது. கழுத்து நிறைய நகை போட்ட ஒரு மாமியார், ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, பால் தம்ளரில் எதையோ கலக்கினாள். மருமகள் அழுதுகொண்டே அதை வாங்கினாள். கூட்டம் உச்சுக்கொட்டிவிட்டு ஒரே நேரத்தில் அத்தையின் பக்கம் திரும்பியது.

எங்கள் நாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆறு, மலை, ஆட்சி, படிப்பு ஒன்றும் தெரியாது. அங்கே மாமியார்கள் விஷம் வைப்பார்கள், மருமகள்கள் தாங்கிக்கொள்வார்கள், நடுவில் இருக்கும் ஆண் எப்போதும் வெளியூர் போயிருப்பான். கடைசி விஷயத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

குடைக்காரர் எங்கள் மொழியைப் படித்ததும் அந்த சீரியலில்தான். அது வெறும் கதை, எங்கள் வீடுகளில் அப்படியெல்லாம் இல்லை, அது குமட்டல் மாத்திரை என்று அவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "உன் பொறுமைக்கு ஒரு எல்லை இல்லையாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு மறுத்துப் பேசினேன். மறுநாள் கொஞ்சம் குறைவாக மறுத்தேன். அதற்கும் மறுநாள் விட்டுவிட்டேன். பஸ்ஸில் எனக்கு முன் ஜன்னல் சீட்டு. காலையில் எல்லோருக்கும் ஒரு முட்டை என்றால் எனக்கு இரண்டு. அருங்காட்சியகத்தில் சீட்டு கிழிப்பவர் என்னைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு, எந்த எழுத்து தெரிகிறது, இப்போது தெரிகிறதா, இப்போது என்று கேட்கிறவள். ஒருவரும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அத்தைக்கு இதெல்லாம் முதலில் புரியவில்லை. மூன்றாம் நாள் காலை குளியலறைக் குழாயில் வெந்நீர் வரவில்லை. கீழே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று புகார் கொடுக்கப் போகிறார். அதற்காகப் புடவைக் கொசுவத்தைக்கூடச் சரிசெய்துகொண்டார். கீழே போய் நின்றபோது கண்ணில் தூசி விழுந்ததாம். ஒரு கண்ணைச் சுருக்கி மற்றதைத் திறந்திருக்கிறார். வலது புருவம் மேலே போயிருக்கிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் விடுதிக்காரம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார். நான்கே நிமிடத்தில் குழாய்க்காரர் வந்தார், அதுவும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு.

"எழுதிக்கிட்டேன்னுகூடச் சொல்லலம்மா. ஆளே வந்துட்டான்." கட்டிலில் உட்கார்ந்து இதை மூன்று முறை சொன்னார்.

அதற்குப் பிறகு அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று புருவப் பயிற்சி நடந்தது. இடதுபுறம் ஏறவே இல்லை. வலதுபுறம் அருமையாக ஏறியது. செருப்புக் கடையில் வலது புருவத்தை உயர்த்தினார், கடைக்காரர் அலமாரி முழுவதையும் இறக்கினார். வரிசைகள் விலகி வழிவிட்டன. சாலையைக் கடக்க நின்றபோது போக்குவரத்துக் காவலர் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தானும் விறைப்பாக நின்றார். அத்தை அவசரமே இல்லாமல், நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டு கடந்தார். முப்பத்தோரு வருடம் வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து அந்த நாடு அவருக்கு வட்டியோடு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. சந்தோஷமான நேரம் பார்த்துச் சொல் என்று சொல்லியனுப்பிய மனிதர் நினைவுக்கு வந்தார்.

நான்காம் நாள் பிற்பகல் அந்தத் தெருவின் மாமியார்கள் ஒன்பது பேர் சேர்ந்து விடுதிக்கு வந்தார்கள். அத்தையிடம் யோசனை கேட்க வேண்டுமாம். நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தார்கள். கூடத்தின் நடு நாற்காலியில் அத்தை, பக்கத்தில் மொழிபெயர்க்கக் குடைக்காரர். சமையலறைக்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போகாதீர்கள் என்றார் அத்தை. ஒன்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். மருமகள் தலைவலி என்றால் உண்மையிலேயே தலைவலிதான் என்றார். ஒருத்தி அதன் கீழே கோடு போட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவர், உங்கள் மருமகள் உங்கள் பேச்சைக் கேட்பாளா என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்து ரகசியமாகக் கண்ணடித்துவிட்டு, புருவத்தை ஏற்றினார்.

"என்னை விட்டுட்டு அவளால ஒரு நாள் இருக்க முடியாது. திணறிப் போயிடுவா."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அது விளையாட்டு இல்லை. நான் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

வெளிநாட்டுக்குப் போனால் நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. நம் மொழி யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியதையெல்லாம் நடுச்சபையில் தொண்டை கிழியப் பேசுவோம். ஐந்தாம் நாள் காலை நானும் அதையே செய்தேன். அத்தை மேலே ஆனந்தமாக வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு அறையில் இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். போனில் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டாயா என்று ஐந்து நாளில் ஆறாவது முறையாகக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அம்மாதானே? நீங்களே சொல்லுங்களேன். ரெண்டு பேரும் தனிக்குடித்தனம் போறோம்னு ஒரு வரி சொல்ல உங்களுக்கு இவ்வளவு நடுக்கமா? ஆமாங்க, தனிக்குடித்தனம். தனிக்குடித்தனம். பாத்தீங்களா, நான் மூணு தடவை சொல்லிட்டேன், வானம் இடிஞ்சு விழல."

விழுந்தது. அறையில் இருந்த அத்தனை ஸ்பூன்களும் நின்றன. அந்த நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த எங்கள் மொழிச் சொல் ஒன்று உண்டென்றால் அது தனிக்குடித்தனம்தான். அந்த சீரியலில் ஒரு நாளைக்கு எட்டு முறையாவது அது வரும், ஒவ்வொரு முறையும் இடி இடிக்கும். மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த குடைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விடுதிக்காரம்மா மெதுவாக என் மேசைக்கு வந்தார். பாதி உரித்த முட்டையை எடுத்தார். தட்டையும் எடுத்தார். உப்பு டப்பாவையும் விட்டுவைக்கவில்லை.

பஸ் கிளம்புவதற்குள் செய்தி தெருமுனை தாண்டிவிட்டது. என் சீட்டு கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலே, உதிரி டயருக்குப் பக்கத்தில். அருங்காட்சியகத்தைக் கடந்து போனபோது, அந்தச் சீட்டு கிழிப்பவர் பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் இருந்த நாற்காலியையும் மடித்து உள்ளே கொண்டுபோனார். நேற்றுவரை எனக்காக உச்சுக்கொட்டிய பெண்கள், அடிப்பாவி என்று எந்த மொழியிலும் புரியக்கூடிய ஒரு பார்வையைப் பார்த்தார்கள். அத்தைக்கோ தலைகீழான உபசாரம். தோளில் போர்வை, மடியில் பூங்கொத்து. படியில் ஏறினால் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்தார்கள். அத்தை புருவத்தை உயர்த்திப் பார்த்தார். யாரும் நடுங்கவில்லை. ஓர் அம்மா அந்தப் புருவத்தைத் தடவிக் கீழே இறக்கிவிட்டு அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

பிற்பகலில் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் படகுக்குப் போனார்கள். அத்தை என் கையைப் பிடித்து, சீட்டு விற்கும் கூண்டுக்குப் பின்னால் இருந்த மர பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். இவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார். நேற்றுவரை ஒழுங்காகப் பயந்துகொண்டுதானே இருந்தார்கள். கேட்டால் குடைக்காரரும் சொல்ல மறுக்கிறார், பெற்ற வயிறு தாங்காது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

"சாகப் போறவளைத்தாம்மா இப்படிப் பாப்பாங்க. போன மாசம் ரத்தம் எடுத்தாங்களே, டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? அதுக்குத்தான் இந்த டூரா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் தாங்கிக்குவேன்."

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. ஐந்து நாளாகப் பக்குவமாகச் சொல்ல நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போயின. உங்களுக்கு ஒன்றுமில்லை அத்தை, ரத்தம் நன்றாக இருக்கிறது, நாங்கள் வேறு வீடு பார்த்திருக்கிறோம், அடுத்த வாரம் போகிறோம், காலையில் நான் போனில் கத்தியது இவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அத்தை. பெரிதாக மூச்சுவிட்டு, கண்ணை மூடி, உயிர் திரும்பி வந்தது போல ஒரு நிமிடம் சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சொன்னது அப்போதுதான் உள்ளே போயிருக்க வேண்டும்.

எத்தனை ரூம் என்று கேட்டார். இரண்டு என்றேன். தண்ணீர் வருமா என்றார். வரும் என்றேன். எந்த மாடி, வெயில் அடிக்குமா, துணி காயப்போட இடம் உண்டா என்று அலுவலகத்தில் விலாசம் எழுதிக்கொள்ளும் குரலில் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேட்க வேறொன்றும் இல்லாமல் போன பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் என்னம்மா பண்ணேன்?"

"நீங்க எல்லாத்தையுமே பண்ணிட்டீங்க அத்தை. எனக்குப் பண்ண ஒண்ணும் மிச்சமில்ல."

சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அத்தை தோளில் கிடந்த போர்வையை எடுத்து நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். விடுதிக்குத் திரும்பும்வரை அந்த மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே வந்தார். நான் கடைசி சீட்டில் சக்கரத்துக்கு மேலே குலுங்கிக்கொண்டே அவர் பின்னந்தலையைப் பார்த்தபடி வந்தேன். இதற்கு அவர் என்னை நான்கு திட்டு திட்டியிருக்கலாம்.

மாலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு அறையில் எள் விழ இடமில்லை. சீரியல் பார்க்க வந்தவர்கள், அத்தைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், நோட்டு கொண்டுவந்த ஒன்பது மாமியார்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு முன்னால் காய்ந்த ரொட்டி ஒன்று. விடுதிக்காரம்மா அத்தைக்குக் கஞ்சி கொண்டுவந்து, ஸ்பூனில் எடுத்து ஊதி, தானே ஊட்டப் போனார். மற்றொரு கையால் அத்தையின் தலையைத் தடவிக்கொடுத்தார். சுற்றிலும் மூக்குறிஞ்சும் சத்தம்.

அத்தை அந்த ஸ்பூனைப் பிடித்து மேசையில் வைத்தார். எழுந்து நின்றார். குடைக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு, நான் சொல்வதை அப்படியே எல்லோருக்கும் சொல், ஒரு வார்த்தை குறையக் கூடாது என்றார். பிறகு வலது புருவத்தை ஏற்றினார். இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது அது.

"இவங்க என்னை விட்டுட்டுப் போகல. நான்தான் இவங்களை வீட்டை விட்டு அனுப்பறேன். சாமானைக் கட்டிக்கிட்டு அடுத்த வாரமே கிளம்புங்கன்னு சொல்லிட்டேன். கண்டவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட என்னால முடியாது. என் வீடு, என் இஷ்டம்."

குரல் உயர்ந்திருந்தது. ஒன்பது வருடத்தில் நான் அதைக் கேட்டது அப்போதுதான். குடைக்காரர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது. அறையே மூச்சை உள்ளே இழுத்தது. தலையைத் தடவிய கை சட்டென்று விலகியது. பூங்கொத்து கொடுத்த பெண் அதை எட்டி எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஒன்பது மாமியார்களும் நோட்டைத் திறந்தார்கள். விடுதிக்காரம்மா என்னிடம் ஓடிவந்து, காலையில் செய்ததற்கெல்லாம் மன்னிப்பு போல என்னை இறுக்கி அணைத்துக்கொண்டு, காய்ந்த ரொட்டியை எடுத்துவிட்டுச் சூடான ரொட்டியும் முட்டையும் வைத்தார்.

அத்தை உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் அவர் கை என் கையைத் தேடியது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிரே பார்த்து முறைத்தபடியே, உதடு அசைவது தெரியாமல் பேசினார்.

"திட்டினா தாங்கிக்குவேம்மா, அது எனக்குப் பழக்கம். பாவம்னு பாக்கறதைத்தான் தாங்க முடியல. ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்லயும் இதையே சொல்லிடறேன். நான்தான் போகச் சொன்னேன்னு. எவளும் என்னை ஐயோ பாவம்னு பாக்கக் கூடாது. உன்னையும் எவளும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடிப்பு இல்லை, விக்கி விக்கி அழுதேன். அத்தனை பேரும் எனக்காக உச்சுக்கொட்டினார்கள். விடுதிக்காரம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பயத்தோடு கையை நீட்டி என் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்துவிட்டுப் போனார். டிவியில் சீரியலின் பாட்டு ஆரம்பித்தது.

"அழறதை நிறுத்திடாத" என்றார் அத்தை. "இன்னொண்ணு வரும்."

நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவும் இல்லை.